ஏழாம் பக்கத்தில் தோள், எட்டாம் பக்கத்தில் கால்

ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலையில் குருநகர் சிமியோன் இடுப்போடு இரண்டாகப் போனார். மேல்பாதி வீட்டு விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது. கீழ்ப்பாதி சாரம் கட்டியபடி அடுத்த ஒழுங்கையில் யாரோ ஒருவரின் படலைக்கு முன்னால் நின்றது. இரத்தம் இல்லை, நோவும் இல்லை. மீன் விலையில் மாற்றம் எதுவும் இருக்கவில்லை.

காரணம் பிடிபட மத்தியானமாகிவிட்டது. கோயில் திருநாளில் புனிதரின் சிலை வைத்த சுருவக்கூட்டைத் தூக்குகிறவர்களின் அட்டவணையைத் தட்டச்சுக்கடைத் தர்சினி கணினியில் அடித்திருந்தாள். கூட்டைத் தோளில் தாங்கும் தண்டுகளில் ஒழுங்கைக்கு ஒன்று. ஓர் ஒழுங்கைக்காரர் இன்னொரு தண்டைத் தொடுவதில்லை. குருநகரில் சிமியோன்கள் பலர் என்பதால் தகப்பன் பெயர், வள்ளத்தின் பெயர், பட்டப்பெயர், வீட்டருகே உள்ள கிணறு எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் போடச் சொல்லித் திருநாட் குழுவினர் நெருக்கினார்கள். அதில் அவருடைய வரி கொழுத்து, ஏழாம் பக்கத்தின் அடியில் பாதி நின்றது, மீதி எட்டாம் பக்கத்தின் தலையில் ஏறியது. ஏழாம் பக்கம் அவருடைய ஒழுங்கை. எட்டாம் பக்கம் அடுத்தது.

சிமியோனுக்கு நேர்த்தி ஒன்று இருந்தது. மாரியில் கடலில் காணாமல் போன மகன் ஜெனிஸ் உயிரோடு வந்தால், தன் ஒழுங்கைத் தண்டைத் தோளில் சுமப்பதாக நேர்ந்திருந்தார். மகன் வந்துவிட்டான். இப்போது தோள் ஓரிடம், கால் ஓரிடம்.

மனைவி மக்டலீன் கடைக்குப் போனாள்.

"பிள்ளை, என்ரை மனுசனை ஒட்டிவிடு."

"நான் வெட்டேல்லை அன்ரி. அது தானாப் பிரிஞ்சது."

"தானாப் பிரியிறதுக்கு அவரென்ன பேக்கரி றாத்தல் பாணோ?"

தர்சினி எழுத்தைச் சிறிதாக்கினாள். ஊரில் எல்லோருக்கும் சட்டை தொளதொளத்தது. சிமியோனுக்கு வெட்டு முழங்காலுக்கு இறங்கியதுதான் மிச்சம். பழையபடி பெரிதாக்கிவிட்டு, மேலே வெற்று வரிகளைத் தட்டி அவரைக் கீழே தள்ளினாள். ஒன்பதாம் பக்கத்து மேர்சி கழுத்தோடு பிரிந்து, தலை ஏச, கை கல்லெறிந்தது. அதையும் அழித்தாள். பிறகுதான், பக்க முடிவில் வரி பிரியலாம் என்ற இடத்தில் ஒரு சரி அடையாளம் இருப்பதைக் கண்டு எடுத்துவிட்டாள். சிமியோன் முழு ஆளாக நின்றார், ஆனால் அடுத்த ஒழுங்கையில்.

மக்டலீன் சிலுவை போட்டுக்கொண்டாள். சிமியோனுக்கோ முகம் கறுத்தது. நேரே கடைக்கு வந்தார்.

"நான் நேர்ந்தது எங்கடை தண்டுக்கு. உந்த ஒழுங்கைக்காரரோடை நான் நிக்கேலாது. திரும்ப வெட்டு பிள்ளை."

"நோகாதோ அங்கிள்?"

"முந்தியும் நோகேல்லை. வெட்டு."

"உங்களுக்கு விசரோ?" என்றாள் மக்டலீன். தர்சினிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சரி அடையாளத்தைத் திரும்பப் போட்டு, அட்டவணையை அச்செடுத்து, கோயில் கதவில் ஒட்டினாள்.

திருநாளன்று மக்டலீன் மேல்பாதியைத் தூக்கிப்போய்த் தண்டுக்கு அடியில் பிடித்தாள். தோள் தண்டை ஏற்றுக்கொண்டது. கீழ்ப்பாதி அடுத்த ஒழுங்கையிலிருந்து நடந்து வந்து நேர்கீழே நின்றது. நடுவில் ஏழாம் பக்கத்தின் அடி ஓரமும் எட்டாம் பக்கத்தின் மேல் ஓரமும் சேர்ந்த அளவுக்கு வெறும் காற்று. ஜெனிஸ் பின்னால் வந்தான். கூடு கடற்கரை வீதியால் சுற்றி வரும்வரை தோளில் ஊறிய வேர்வை அந்த இடைவெளியைத் தாண்டிக் கால்வரை ஒழுகியது. அட்டவணையின் வேலை முடிந்துவிட, மறுநாள் சிமியோன் முழு ஆளாகத் தொழிலுக்குப் போனார். வள்ளத்தில் ஓர் ஆளுக்கு உரிய இடத்தைத்தான் எடுத்தார்.