காப்பிரி

மீலாது மேடையில் பிலாலைப் பற்றிப் பேச செய்கு அலாவுதீனை விட்டால் ஆளில்லை. கறுப்பு அடிமை கஅபாவின் மேலேறி பாங்கு சொன்ன கட்டம் வந்தால் அவரே முதலில் அழுதுவிடுவார். அவரைப்போன்ற பர் துபாய் ஜவுளிக்கடைக்காரர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். மேடைப் பேச்சு கிடக்கட்டும், அப்படியொருவன் பெண் கேட்டு வந்தால்தானே தெரியும் சங்கதி!

வந்தேவிட்டான். ஓமானின் சோஹார் துறைமுகத்தில் மகள் நஸீஹாவோடு வேலை பார்க்கும் மஸ்ஊது. ஓமானிதான், ஆனால் முப்பாட்டனை ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அடிமையாக வாங்கி வந்தார்களாம். அதை அவனே மறைக்காமல் சொல்லியிருந்தான்.

"பழைய கிதாபுலயே இருக்கும்மா. கறுப்பங்க நூஹு நபியோட சாபம் பட்ட வம்சம், அடிமைப்படத்தான் பொறந்ததுன்னு," என்று முதல் நாள் மகளிடம் வாதாடிப் பார்த்தார்.

"அதை எழுதுனவங்க வீட்டுலயும் அடிமைகள வாங்கித்தானே வச்சிருந்தாங்க வாப்பா? வேற எப்படி எழுதுவாங்க?"

சரி, வந்து பேசட்டும் என்றார். மனசு அடங்கவில்லை.

அலாவுதீனின் அல் குசைஸ் வீட்டுக் கூடத்தில் மஸ்ஊது தாயாரோடு உட்கார்ந்திருந்தான். எதிரே நஸீஹா. மனைவி ஜுலைஹா பீவி வட்டிலாப்பம் கொண்டுவந்து வைத்ததும் அலாவுதீன் அவள் காதோரம் குனிந்தார். கடையில் கூவி விற்ற தொண்டை, அடக்கினால் அடங்குமா?

"போயும் போயும் ஒரு காப்பிரிக்கா பிள்ளையக் கொடுக்கறது? ஊர்ல காறித் துப்ப மாட்டானுவளா?"

மஸ்ஊதுக்குத் தமிழ் தெரியாது. காப்பிரி என்ற அந்த ஒரு சொல் மட்டும் அவன் பாஷையில் இறைமறுப்பாளன் என்று போய் விழுந்தது.

"காஃபிரா? லா, யா அம்மி!" இல்லை மாமா என்று பதறிப்போய்க் கரண்டியை வைத்தான். நெஞ்சில் கைவைத்து, ஓதப்போன பிள்ளைபோல் இறைவன் ஒருவனே என்னும் கலிமாவை முழுசாகச் சொன்னான். கூடவே அந்தத் தாயும் சொன்னாள்.

அலாவுதீனுக்கு உடம்பெல்லாம் கூசியது. உன் ஈமானைச் சொல்லவில்லை தம்பி, தோலைத்தான் சொன்னேன் என்றா விளக்குவது? அட, வெட்கங்கெட்ட நாக்கே!

"நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்களே சொல்லுங்க வாப்பா," என்றாள் நஸீஹா. "நான் சொல்ல மாட்டேன்."

அரபியில் தேடினார். துணியின் நிறம் கேட்பவர்களிடம் தினமும் சொல்லும் சொல்தான் கிடைத்தது.

"அஸ்வத்," என்றார். கறுப்பு. தலை நிமிரவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவுதானா!" தாய் நிம்மதியாக மூச்சுவிட்டாள். பிறகு, அவருக்குப் புரியட்டும் என்று மெல்ல மெல்லச் சொன்னாள்: "எனக்கு அது பழகிவிட்டது. என் மகனுக்கு மாமனார் வீட்டிலும் பழக வேண்டாம்."

மகனின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

அலாவுதீன் வாசலுக்கு ஓடினார். மன்னிப்புக் கேட்க அரபி தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், பேரம் படியாமல் கடையிறங்கும் ஆட்களைத் திரும்பக் கூப்பிடும் அரபிதான். "தஆல்! தஆல்!" என்று அதிலேயே கூவினார்.

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. உள்ளே நஸீஹாவும் இருந்தாள்.