சவர்க்கார நுரை

யோகா அவருடைய இடுப்பைக் கட்டிப்பிடித்துப் பின்னால் இழுத்தாள். வரவில்லை. தலையும் கைகளும் ஃப்ரீசர் பெட்டிக்குள் தொங்க, விளிம்பில் வயிறு மடிந்து, கால்விரல்கள் மட்டும் கராஜ் தரையில் முட்டிக்கொண்டு நின்றன. "இஞ்சருங்கோ, விளையாடாதேங்கோ" என்று முதலில் அதட்டத்தான் செய்தாள். விளையாடக்கூடிய மனுஷன்தான் இந்திரகுமார். ஒரு செருப்பு கழன்று கிடந்ததைக் கண்ட பிறகுதான் அவளுக்குக் கத்த வந்தது.

அண்ணனையும் அண்ணியையும் கோயிலுக்குக் கூட்டிப்போக வந்த சிறி அப்போதுதான் வாசலில் காரை நிறுத்தியிருந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்து பெட்டிக்குள் குனிந்தவன், சோடா புரைக்கேறியவனைப்போல மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு தமையனை இழுத்து எடுத்து நிலத்தில் கிடத்தினான். முகம் தண்ணென்று இருந்தது. நெற்றியில் காலையில் பூசிய திருநீறு அழியவில்லை.

அம்புலன்ஸ்காரர் வந்து நெஞ்சை அமத்தி அமத்திப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அமத்தின கையை எடுத்துவிட்டார்கள். வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி யோகாவின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னாள். யோகாவுக்கு அடுப்பில் கிடந்த பருப்பு ஞாபகம் வந்தது. அடிப்பிடித்துவிடுமே என்று உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

அன்றைக்குப் பாறணை, கந்தசஷ்டி விரதம் முடிக்கிற நாள். முதல் நாள்தான் கேரம் டவுன்ஸ் கோயிலில் சூரன்போர் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஆறு நாளும் பாலும் பழமும்தான். போன வருஷம், 2011இல், ட்ருகனினாவில் புது வீட்டுக்கு வந்தபிறகு இந்திரகுமாருக்குப் பிடித்த பைத்தியம் பியர் காய்ச்சுவது. வேலை செய்த வெயர்ஹவுசில் யாரோ பழக்கிவிட்டது. காய்ச்சின பியரைக் கெக் என்கிற பெரிய எவர்சில்வர் உருளையில் அடைத்து, அதைப் பெட்டி ஃப்ரீசருக்குள் இறக்கி, வெளியே நிற்கும் சிலிண்டரிலிருந்து சின்னக் குழாயால், சோடாவுக்கு அடிக்கிற அதே காஸைக் கொடுப்பார். குடிக்கிற குழாய் உள்ளேயே சுருண்டு கிடக்கும். ஒரு கிளாஸ் வேண்டுமென்றாலும் மூடியைத் திறந்தாக வேண்டும்.

விரதம் தொடங்குவதற்கு முதல் நாள் புதுக் கெக்கை நிரப்பி உள்ளே இறக்கி, புதுச் சிலிண்டரையும் பூட்டினார். மூடியைச் சாத்தி அதன்மேல் தன்னுடைய பழைய வேட்டியை விரித்து, "இவருக்கும் ஆறு நாள் விரதம்" என்று தட்டிக்கொடுத்தார். யோகா சிரித்தாள்.

இன்றைக்குக் காலையில் சிரிக்கவில்லை. வெங்காயம் எடுக்கக் கராஜுக்குப் போனவளின் கண்ணில் சிலிண்டரின் மீட்டர் பட்டுவிட்டது. முள் சைபரில் படுத்துக் கிடந்தது. ஒரு சிலிண்டர் மாதக்கணக்கில் வரும் என்று பெருமையடித்தது அவர்தான்.

"காஸ் முடிஞ்சு போச்சு. எத்தினை கிளாஸ் இறங்கினது?"

"யோகா, சத்தியமா நான் மூடியே திறக்கேல்லை."

"அப்ப காஸுக்குக் கால் முளைச்சிட்டுதோ?"

"எங்கையோ லீக் ஆகுது."

"முருகனை வைச்சுக்கொண்டு பொய் சொல்லாதேங்கோ. சாமி அறைக்குள்ள நிண்டு சஷ்டிக் கவசம் சொன்ன வாய்தானே."

அவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. ஆறு நாள் பட்டினி கிடந்தவரை அந்தச் சொல் சுட்டது அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தும் விடவில்லை. அவர் குசினிக்குள் வந்து கிண்ணத்தில் கோப்பை கழுவும் சவர்க்காரத்தை ஊற்றித் தண்ணீர் கலந்தார். பழைய பிரஷ் ஒன்றையும் எடுத்தார்.

"எந்த மூட்டில நுரை பொங்குதோ அங்கதான் ஓட்டை. உமக்குக் காட்டிப்போட்டுத்தான் கையை நனைப்பன்."

"காட்டுங்கோ பாப்பம்" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியாகப் பேசினது அதுதான்.

பொலிஸ்காரி கொப்பியோடு வந்து பணிவாகத்தான் கேட்டாள். காலையில் எவ்வளவு குடித்திருப்பார்? யோகா வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்ல வேண்டும். தெரியாது என்று தலையை ஆட்டினாள்.

செய்தி எப்படித்தான் பறந்ததோ, பக்கத்துத் தெருத் தவநாயகி அன்ரி அதற்குள் வந்துவிட்டார். அழுதார், யோகாவைக் கட்டிப்பிடித்தார், எல்லாம் முறையாகச் செய்தார். பிறகு தன்னோடு வந்த பெண்ணிடம் குரலைத் தாழ்த்தினார். அன்ரியின் தாழ்ந்த குரல் தெருமுனைக்குக் கேட்கும்.

"விரதத்திலயும் விடேல்லைப் போல. முருகனோட விளையாடலாமோ?"

யோகா அன்ரியைப் பார்த்தாள். கோபம் வரவில்லை. காலையில் தான் சொன்னதைத்தான் அன்ரியும் சொல்கிறார்.

தீயணைப்புக்காரர் கராஜ் கதவை முழுக்கத் திறந்து, பெரிய விசிறி ஒன்றை ஓடவிட்டார்கள். தலைவர் சிறியிடம் நெடுநேரம் பேசினார். சிறி வந்து யோகாவின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினான்.

"அண்ணி, உள்ளுக்க லீக் ஆகியிருக்கு. அந்த காஸ் பாரமாம். தொட்டியில தண்ணி நிக்கிற மாதிரிப் பெட்டிக்குள்ள நிண்டிருக்கு. அண்ணா தலையை விட்டவுடன… ரெண்டு மூச்சுப் போதுமாம்."

யோகா திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள்.

"மூடி ஆறு நாளாப் பூட்டிக் கிடந்ததாலதான் இவ்வளவு சேர்ந்ததாம். இடையில திறந்து ஒரு கிளாஸ் ஊத்தியிருந்தாலும் வெளியால போயிருக்குமாம்."

"திரும்பச் சொல்லும் சிறி."

அவன் திரும்பச் சொன்னான். யோகாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. அன்ரியின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை.

இரண்டு பேர் சேர்ந்து கெக்கைப் பெட்டியிலிருந்து தூக்கி, மூச்சு வாங்க வாசல் சீமெந்தில் வைத்தார்கள். ஒருவன் அதை ஆட்டிப் பார்த்துச் சிறியிடம் ஏதோ சொன்னான்.

"நிறைய இருக்காம் அண்ணி. தொடவே இல்லையாம்."

அவர்கள் சிலிண்டரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இந்திரகுமாரை வெள்ளை வானில் ஏற்றினார்கள். வான் போன பிறகும் எல்லாரும் தெருவைப் பார்த்தபடி நின்றார்கள். யோகா மட்டும் எழுந்து கராஜுக்குள் போனாள். சவர்க்காரக் கிண்ணம் சிந்தாமல் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. பிரஷ் அதற்குள் நின்றது.

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து கெக்கின் முன்னால் குந்தினாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. குளிரில் கிடந்த உருளை வேர்த்து வடிந்தது. அதன் தலையில் காஸ் குழாய் பூட்டுகிற மூட்டு எது என்று அவளுக்குத் தெரியும், அவர் எத்தனையோ தரம் காட்டியிருக்கிறார். பிரஷை நனைத்து அதைச் சுற்றித் தடவினாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே மிஞ்சியிருந்த காஸ் கசிந்து, மூட்டின் ஓரத்தில் ஒரு குமிழி வந்தது. மெல்லப் பெருத்தது, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று வந்தது.

"பிள்ளை, எழும்பு. ஒரு வாய் தேத்தண்ணியாவது குடி" என்று பின்னாலிருந்து தவநாயகி அன்ரி கூப்பிட்டார்.

யோகா எழும்பவில்லை. மூட்டில் இன்னொரு தரம் சவர்க்காரத்தைத் தடவினாள்.

"அன்ரி, இஞ்ச ஒருக்கா வந்து பாருங்கோ."