ஞானத்தாய்க்கான தகுதி

அக்கா குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்க என்னென்ன தகுதி வேண்டும் என்று இஸ்திரிக்காரி லாண்டிரியில் ஒருத்தரை விடாமல் விசாரித்துவிட்டாள். பதினாறு வயது முடிந்திருக்க வேண்டும். அது முடிந்து காலம் போயிற்று. புதுநன்மை, உறுதிபூசுதல் என்ற இரண்டு திருச்சபைச் சடங்கும் முடிந்திருக்க வேண்டும், முடிந்தாயிற்று. பூசைக்கு ஒழுங்காகப் போக வேண்டும். அக்கா கேட்ட நாளிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை. ஹோட்டல் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே குழந்தையின் வெள்ளைச் சட்டையையும் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குழந்தை அவள் வயிற்றில் பிறந்தது. கட்டியவன் கம்பி நீட்டியபோது அவளுக்கு ஆறு மாதம். அக்காவோ கல்யாணமாகிப் பல வருடமாகப் பிள்ளைக்கு ஏங்கிக்கொண்டிருந்தாள். சட்டப்படி தத்து எழுதிக் கொடுத்தாயிற்று; அக்கா குடும்பம் வேறு ஊருக்குக் குடிபோயிற்று. அங்கே யாருக்கும் விஷயம் தெரியாது. இவள் எப்போதாவது வந்து கொஞ்சிவிட்டு பஸ் பிடிக்கிற சித்தி. பால் கட்டிய நாட்களை எப்படிக் கடந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் மரியாதை என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

"நீயே ஞானத்தாயா நின்னுடுடி" என்று அக்கா சொன்னபோது அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லார் முன்னாலும் பிள்ளையைக் கையில் வாங்கலாம். சாகும்வரை அந்த உறவை யாரும் பிடுங்க முடியாது.

அக்கா ஊர்ப் பங்குத்தந்தை கலகலப்பான மனிதர். சனிக்கிழமை சாயங்காலம் இருவரையும் தன் அறையில் உட்கார வைத்து விதிகளைச் சொன்னார். இஸ்திரிக்காரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். குழந்தை அக்கா மடியில் தூங்கியது.

"கடைசியா ஒண்ணு. பெத்தவங்களே ஞானப்பெற்றோரா நிக்கக் கூடாது. போன மாசம் ஒருத்தர், என் பிள்ளைக்கு நானே நிக்கிறேன், வெளியாள் எதுக்குன்னு சண்டைக்கே வந்துட்டார்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்ல. நீங்க சித்திதானே?"

அக்கா தரையைப் பார்த்தாள். ஒரு 'ஆமாம்' போதும், நாளைக்குப் பிள்ளை கைக்கு வந்துவிடும். இஸ்திரிக்காரி வாயைத் திறந்தாள், மென்று விழுங்கினாள், மறுபடி திறந்தாள்.

"இல்ல ஃபாதர். பெத்தவ நான்தான்."

பங்குத்தந்தையின் சிரிப்பு நின்றது. அவர் அதட்டவில்லை. விஷயம் இந்த அறையைத் தாண்டாது என்றார். ஞானத்தாய்க்கு மட்டும் வேறு ஆள் பாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "ஆமான்னு சொல்லித் தொலைச்சா என்னடி? எவ்வளவு ஆசைப்பட்ட."

"இத்தனை நாளா யாருமே கேக்கலக்கா. இன்னிக்குதான் ஒருத்தர் கேட்டார். ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லணும்போல இருந்துச்சு."



மறுநாள் அக்காவின் நாத்தனார் ஞானத்தாயாக நின்றாள். தலையில் தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டது. பெஞ்சில் இருந்த இஸ்திரிக்காரி சட்டென்று எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் போக முடியாது என்பது நினைவுக்கு வந்தது. நாத்தனார் தோளில் போட்டுத் தட்ட, அழுகை அடங்கியது. அதன் பிறகும் இவளுக்கு உட்காரத் தோன்றவில்லை.