சத்தமில்லாத வயிறு

அந்த மருந்துக் கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் 'பிசின்'தான். ஒரு காட்டு மரத்தின் பட்டையைக் கீறினால் வடிகிற சிவப்புப் பிசினிலிருந்து மருந்து பிரித்தெடுப்பது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதையே கட்டிக்கொண்டு அழுததில் பெயரும் வீடுவரை ஒட்டிக்கொண்டது. அவளும் உரித்துப் போட முயலவில்லை.

புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பலருக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ளும். கட்டியின் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறவர்கள்கூட, கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்து நடந்து ஓய்ந்து, ஒருநாள் மாத்திரையே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். இந்தப் பிசினின் அருமை அங்கேதான் இருந்தது. குடலுக்குள் தண்ணீர் கசிகிற வழிகளை மட்டும் அது அடைத்தது. குடலின் அசைவைத் தொடவில்லை. டாக்டர் சீட்டுக்குக் கடையில் கிடைக்கிற மருந்தாக அது வெளிவருமுன் கடைசிக் கட்டச் சோதனை சில மருத்துவமனைகளில் நடந்துகொண்டிருந்தது.

சோதனைக்கு வந்த நோயாளிகளில் பிசினின் நாத்தனாரும் ஒருத்தி. கணவனின் அக்கா, கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் மாடியறையில் தையல் மெஷினோடு காலம் தள்ளுகிறவள். உறவு என்பதைப் பிசின் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். மருந்து தயாரிக்கிறவருக்கும் அதைக் கொடுக்கிறவருக்கும் சம்பந்தம் இல்லை, பரவாயில்லை என்று மருத்துவமனை சொல்லிவிட்டது.

மருந்து ஆரம்பித்த பிறகு நாத்தனார் மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். நாக்கும் பழையபடி வேலை செய்யத் தொடங்கியது.

"உன் மருந்து நல்லாத்தான் இருக்கு, பிசினு. ஆனா இத்தனை வருஷம் நீ எனக்குச் செஞ்ச உபகாரம் இது ஒண்ணுதான்."

"அடுத்ததுக்கு இன்னும் பத்து வருஷம் ஆகும் அண்ணி. காத்திருங்க."

"இருக்கேன், இருக்கேன். உன் சமையலையே தாங்கிட்டேன், இதைத் தாங்க மாட்டேனா?"

புதிய பிசின் டிரம்கள் வந்தது அந்தச் சமயத்தில்தான். முதல் டிரம்மைத் திறந்தபோதே அவளுக்கு என்னவோ போலிருந்தது. நிறம் அதே சிவப்பு. கையில் எடுத்தால் அதே ஒட்டல். வாடைதான் வேறாக இருந்தது. வழக்கமான ஈரக்கட்டை வாடைக்கு அடியில், மூடிய அலமாரியில் நெடுநாள் கிடந்த பூவைப் போல ஒரு இனிப்பு. மூடினாள், மறுபடி திறந்தாள். இருக்கத்தான் செய்தது.

பரிசோதனையில் குறை ஒன்றும் தெரியவில்லை. மருந்துச் சத்து இருக்க வேண்டிய அளவுக்கு இருந்தது. அவள் இயக்குநரின் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனிதர். குரலை உயர்த்தாதவர். அவர் மனைவி புற்றுநோயில் போனவள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"வாடைக்கு ஒரு அளவுகோல் இருக்கா?" என்று அவர் கேட்டார்.

"இல்லை சார்."

"மெஷின் சரின்னு சொல்லுது. உங்க மூக்கு இல்லைங்குது. நான் எதைக் கேட்கணும்?"

"கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம். எலிக்குக் குடுத்துப் பார்த்துட்டு அனுப்பலாம்."

"பழைய சரக்கு தீர்ந்துட்டே வருது. நிறுத்தினா அத்தனை பேருக்கும் மறுபடி வயித்தால போகும். அதையும் யோசிச்சுச் சொல்லுங்க."

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு நடந்த நாட்கள் அவள் கண்முன் வந்தன. டிரம்கள் உள்ளே போயின. மாத்திரைக் குப்பிகளாக வெளியே வந்தன.

புதுக் குப்பி வந்த சில நாட்களில் நாத்தனாருக்கு வயிறு முழுக்க அடங்கிவிட்டது. முன்பு குறைந்திருந்ததுதான், இப்போது சுத்தமாக நின்றது. மருத்துவமனையிலும் எல்லோரும் முகம் மலர்ந்தார்கள். மற்ற ஊர்களிலிருந்தும் அப்படியே செய்தி வந்தது. இயக்குநர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன. அவளால் மட்டும் அந்தச் சந்தோஷத்தில் சேர்ந்துகொள்ள முடியவில்லை. மருந்து அதேதான், அளவும் அதேதான். பிறகு எப்படி இவ்வளவு கூடுதலாகக் கேட்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை மாடிக்கு ரொட்டியும் முட்டையும் எடுத்துப் போனாள். மெஷினில் ஒரு பாவாடை பாதி தைத்தபடி கிடந்தது. நாத்தனார் கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"வேணாம்மா. நேத்துச் சாப்பிட்டதே அப்படியே நிக்குது."

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு மூணு நாளா. வலியெல்லாம் இல்லை. உள்ளுக்குள்ள யாரோ கதவைச் சாத்திட்டுப் போன மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பிசின் தட்டைக் கீழே வைத்தாள். போர்வையை விலக்கிப் பார்த்தாள். மெலிந்த உடம்பில் வயிறு மட்டும் மேளம் போல உப்பி நின்றது. தட்டினால் வெற்றுப் பானையின் ஓசை.

"கொஞ்சம் அசையாம இருங்க அண்ணி."

குனிந்து, அந்த வயிற்றின்மேல் காதை வைத்தாள். யார் வயிறானாலும் உள்ளே ஏதாவது ஓடும், உருளும், முணுமுணுக்கும். பட்டினி வயிறுகூடப் பேசும். அவள் வேறொரு இடத்தில் வைத்தாள். விலாவுக்குக் கீழே, தொப்புளுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். தெருவில் ஒரு வண்டி போனது. கீழே குழாயில் தண்ணீர் விழுந்தது. காதுக்கு அடியில் மட்டும் எதுவுமே இல்லை.

"என்னடி, வயித்துல பிள்ளையா இருக்கு? இவ்வளவு நேரம் கேக்கறே?"

அவளால் சிரிக்க முடியவில்லை. கணவனைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னாள்.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்து நீண்ட நேரம் கேட்டாள். படம் எடுத்தார்கள். குடல் ஓரிடத்திலும் அடைபடவில்லை. ஆனால் முழுவதும் அசைவற்றுக் காற்றடைத்த குழாய் மாதிரி கிடந்தது. ஓரிடம் கறுக்கத் தொடங்கியிருந்தது. காலையில் வலி இல்லை என்றவள் மதியத்துக்குள் முனகத் தொடங்கினாள். நேரே அறுவை அறைக்குக் கொண்டு போனார்கள்.

மருத்துவமனை நடைபாதையில் நின்றுகொண்டே பிசின் இயக்குநருக்குப் போன் செய்தாள்.

"புதுச் சரக்கை நிறுத்துங்க சார். எல்லா ஊரிலேயும். இப்பவே."

"உங்க வீட்டு ஆளுக்கு ஒண்ணுன்னதும் பதறுறீங்க. புரியுது. நாளைக்கு எல்லாரும் உட்கார்ந்து பேசலாம். எடுத்தேன் கவிழ்த்தேன்னு செய்யற காரியமா இது?"

"எல்லாருக்கும் நின்னுபோச்சுன்னு சந்தோஷப்பட்டோம் இல்லையா? நின்னது கசிவு இல்லை சார். குடலே நின்னுபோச்சு."

"உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க நிறுத்தலைன்னா நானே ஒவ்வொரு ஆஸ்பத்திரியா கூப்பிடப் போறேன்."

அவர் பதில் சொல்லுமுன் அவள் வைத்துவிட்டாள். சொன்னபடியே செய்தாள். சிலர் உடனே புது மாத்திரையை நிறுத்தினார்கள். ஒருவர், கம்பெனியிலிருந்து முறையாகச் சொல்லட்டும் என்றார். கடைசியாகக் கூப்பிட்ட மருத்துவமனையில் ஒரு நர்ஸ் எடுத்தாள். நோயாளிகளின் வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று போய்ப் பார்க்கச் சொன்னபோது அவள் தயங்கினாள்.

"ஒருத்தர் இன்னைக்குக் காலையில இறந்துட்டாருங்க. ரயில் ஓட்டினவர். நோய் முத்திப்போச்சுன்னு டாக்டர் எழுதினாங்க."

"வயிறு எப்படி இருந்துச்சு?"

"உப்பியிருந்துச்சு," என்றாள் நர்ஸ், மெல்ல.

பிசின் அதைச் சொன்ன பிறகு இயக்குநர் தாமதிக்கவில்லை. அவரே எல்லா இடங்களுக்கும் பேசினார். குப்பிகள் திரும்பி வந்தன. ரயில்காரரின் வீட்டுக்கு அவர் தனியாகப் போனார். அங்கே என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் எப்போதும் தன் அறைக் கதவைத் திறந்துவைத்தே உட்கார்ந்திருந்தார்.

காரணம் மெதுவாகத்தான் தெரிந்தது. மலைச்சரிவில் அந்தப் பிசின் மரங்கள் காய்ந்துகொண்டு வந்தன. பிசின் எடுக்கிறவர்கள், பக்கத்தில் நின்ற அதே சாயல் மரங்களையும் கீறிச் சேர்த்திருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு இரண்டும் ஒரே மரம். நிறம் அதே, மருந்துச் சத்தும் அதே. கூடவே வேறொன்றும் இருந்தது, குடலின் தசையைத் தூங்கவைக்கிற ஒன்று. அது இருக்கிறதா என்று எந்த மெஷினும் தேடவில்லை. தேடச் சொல்லியிருக்க வேண்டியவள் அவள்தான்.

நாத்தனார் பிழைத்தாள். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். காயம் ஆறும்வரை புற்றுநோய் மாத்திரையை நிறுத்தி வைத்தார்கள். அந்த இடைவெளியைப் புற்றுக்கட்டி வீணாக்கவில்லை; வளர்ந்தது. அடுத்த படத்தைப் பார்த்த டாக்டரம்மா, இனியும் தள்ளிப்போட முடியாது என்றாள். மாத்திரை மறுபடி ஆரம்பித்தது, குறைந்த குடலோடு வயிற்றுப்போக்கும் முன்னைவிட மூர்க்கமாக ஆரம்பித்தது. வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. உடம்பு கண்ணெதிரே கரைந்தது.

"பழசு இருக்கா?" என்று ஒருநாள் நாத்தனார் கேட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

"எது அண்ணி?"

"நடிக்காத. முதல்ல குடுத்தது. எனக்கு ஒத்துக்கிட்டது."

கொஞ்சம் இருந்தது. சோதனை மறுபடி தொடங்குமுன் அதை இவளுக்கு மட்டும் கொடுக்க டாக்டரம்மா தனி அனுமதி வாங்கியிருந்தாள். அந்தக் குப்பியை வீட்டுக்கு எடுத்து வந்தது பிசின்தான். கொடுக்கத்தான் கை வரவில்லை.

"புது சோதனை எல்லாம் வச்சுப் பார்த்துட்டேன். அந்த மரம் இதுல கலக்கலை," என்றாள். "ஆனா இதுல வேற எதுவுமே இல்லைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது அண்ணி. என்ன தேடணும்னு எனக்குத் தெரிஞ்சதைத்தான் தேடியிருக்கேன். அன்னைக்கும் அப்படித்தான்."

"நான் முழுங்கற மத்ததுக்கெல்லாம் யாரு சத்தியம் பண்ணிக் குடுத்தா?"

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்ன, கல்யாணச் சந்தோஷமா? இப்படிப் போறதும் அப்படிப் போறதும் ஒண்ணுதான்னு நினைக்காத. இப்படிப் போறது கேவலமா இருக்கு. தண்ணி எடு."

பிசின் தண்ணீர் எடுத்து வந்தாள். நாத்தனார் மாத்திரையை நாக்கில் வைத்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள்.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நாத்தனார் தூங்கினாள், விழித்தாள், ஒருமுறை கழிப்பறைக்குப் போய் வந்தாள். வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்தபோது ஒரு துண்டு ரொட்டி கேட்டாள். கணவன் இரண்டு பேருக்கும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தான். நாத்தனார் பாலில் நனைத்து மெதுவாகச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாயும் உள்ளே இறங்குவதைப் பிசின் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் தட்டை அவள் தொடவில்லை.