பகலிலும் எரியும் விளக்கு

“யாருவே காரை வாசல்ல விட்டது? ஐஸ்பெட்டி உள்ள வரவேண்டாமா?”

வேன்காரன் போட்ட சத்தத்தில் குற்றாலலிங்கம்தான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். செத்துப்போன நடராஜின் கார். அவருடைய தங்கை மாப்பிள்ளை. காரில் ஒரு கீறல்கூட இல்லை.

என்ஜின் உயிர் பிடித்ததும் முன்விளக்கு இரண்டும் தாமாக எரிந்தன. அந்த வெயிலிலும் எதிர்வீட்டுச் சுவரில் நீலம் பாய்ந்த வெள்ளை விழுந்தது. வலது பக்கத்து வெளிச்சம் ஒரு தடவை துடித்து அடங்கியது. காரை ஓரங்கட்டியதும் அவசரமாகச் சாவியைப் பிடுங்கினார்.

நேற்று குலசேகரன்பட்டினத்தில் வியாபாரம் பேசிவிட்டு இருட்டியபின் திரும்பிய நடராஜ், ஆளில்லாத செம்மணல் தேரிக்காட்டுச் சாலையில் காரை நிறுத்தி இறங்கியிருக்கிறார். லாரி ஒன்று அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. காருக்கு முன்னால் கிடந்தார் என்றது போலீஸ். எதற்காக இறங்கினார் என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை.

குற்றாலலிங்கத்துக்கு விளங்கியிருந்தது.

டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அவர். சொன்ன விலைக்கு ஒரு கரண்டி வாங்கினாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. போன மாதம் காரின் முன்விளக்கை மாற்றி, கண்ணைப் பறிக்கும் எச்.ஐ.டி. விளக்கு போட நடராஜ் அவரைத்தான் பேரம் பேசக் கூட்டிப்போனார்.

“பேட்டரியில இருந்து தனி ஒயர் இழுக்கணும் அண்ணாச்சி, அதுக்குத்தான் இந்த வெலை” என்றார் கடைக்கார தாஜ் முகம்மது.

“அந்த ஒயரை எடுத்துட்டு வெலையச் சொல்லும்வே.”

“அப்ப பகல்ல தானா எரியுதத நிப்பாட்டணும். பகல்ல கொறைஞ்ச கரண்டுதான் வரும், இந்த லைட்டுக்குப் பத்தாது. மினுக்கி மினுக்கிக் கெட்டு, ஒருநா ராத்திரியில அணைஞ்சிரும்.”

“நிப்பாட்டவா? எம் மாப்பிள பட்டப்பகல்லயும் வெளிச்சம் போடுத ஆளுவே!”

நடராஜ் வெட்கப்பட்டுச் சிரித்தார். குற்றாலலிங்கம் வழக்கம்போல் எழுந்து, செருப்பை மாட்டி, தெருமுனைவரை போனார். பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். ஒயர் இல்லாமல் விலை படிந்தது.

உள்ளே ஒப்பாரிக்கு நடுவில் தனலட்சுமி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வழியில எதுக்குண்ணே எறங்குனாவ? ஒனக்குத் தெரியுமா?”

“அழாதம்மா” என்றார்.

பொழுது சாயும் நேரம். பிருந்தா சாவியோடு வெளியே வந்தாள். நடராஜின் ஒரே மகள்.

“மாமா, திசையன்விளை அத்தைக்கு பஸ்ஸுல வர முடியலையாம். காலையில அப்பாவை எடுக்குததுக்குள்ள மொகம் பாக்கணும்னு அழுதா. நான் போயி கூட்டிட்டு வாரேன்.”

“இந்த வண்டி வேண்டாம்.”

“ஏன்?”

“வேற வண்டி சொல்லுதேன்.”

“வண்டிக்கு என்ன மாமா? அப்பா ஆசையா லைட்டெல்லாம் மாத்துனாவளே.” அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

 காருக்கு முன்னால் போய் மறித்து நின்றார்.

“தள்ளுங்க மாமா, இருட்டப்போவுது.”

வலது விளக்கு இரண்டு தரம் மினுக்கிவிட்டு அணைந்தது. தன்னையறியாமல் குனிந்தார். விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். விளக்கு எரிந்தது.

நிமிர்ந்தபோது பிருந்தா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ஜினை அணைத்தாள். இறங்கவில்லை. வீட்டுக்குள் ஐஸ்பெட்டியின் மோட்டார் உறுமத் தொடங்கியது.