பாறைக்குப் பக்கத்தில் ஒருத்தி

மனிதர்களைப் படம் எடுப்பதில்லை என்பது புகைப்படக்காரரின் கொள்கை. நேற்றுப் பிறந்து நாளைக்குப் போகிற முகத்தை எடுத்து என்ன ஆகப்போகிறது? பாறைதான் அவருக்கு எல்லாம். எந்தப் பாறைக்கு எத்தனை கோடி வயது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மனைவியின் பிறந்த நாளை மட்டும் வருடா வருடம் அவளேதான் நினைவுபடுத்த வேண்டும்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "இத்தனை வருஷமா கேமராவும் கையுமா இருக்கீங்க. என்னை ஒரு படம் எடுத்ததுண்டா?"

"சும்மா எடுத்தா அது படமா? இந்தத் தடவை பாறையோட சேர்த்து உன்னை எடுக்கறேன். காலத்துக்கும் நிக்கும்," என்று வாக்குக் கொடுத்தார்.

அதற்கென்றே ஒரு தகரப்பெட்டியில் ஊசித் துளை போட்டு, உள்ளே புகைப்படத் தாளை ஒட்டினார். அந்தப் பெட்டிதான் கேமரா. காலையில் துளையைத் திறந்தால் மாலையில்தான் மூட வேண்டும். கோடி வருடக் கல்லைக் கண்சிமிட்டும் நேரத்தில் பிடித்துவிட முடியுமா என்பது அவர் வாதம். வாதத்தில் ஒரு குறையும் இல்லை.

அடுக்கடுக்காகப் படிந்த ஒரு பாறைக்கு எதிரே பெட்டியை வைத்துவிட்டு, இருவரும் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். காற்றில் பெட்டி ஆடியது. "போய் ஒரு கல்லை முட்டுக் கொடு," என்றார். ஆடுகள் வந்தன. "விரட்டு." வெயில் ஏறியது. "குடையை இப்படிப் பிடி." சொல்லிக்கொண்டே கண்ணயர்ந்தவர், மாலையில் அவள் உலுக்கியபோதுதான் எழுந்தார். அதுவரை ஆடு விரட்டியதும், வெயில் நகர நகரக் குடையோடு இடம் மாறியதும், கடைசியில் துளையை மூடியதும் அவள்தான்.

வீட்டுக்கு வந்து படத்தைக் கழுவிப் பிரதி எடுத்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள் மனைவி. பாறை அற்புதமாக விழுந்திருந்தது. அதன் அடியில், வாயைப் பிளந்தபடி, அவர்.

"நான் எங்கங்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு வரவில்லை. "இதுல அசையற எதுவும் விழாது. நாள் பூரா ஒரே இடத்துல அசையாம கிடந்தாத்தான் விழும்." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவருக்குக் கைவந்த கலை.

"அப்ப சரியாத்தான் எடுத்திருக்கு," என்றாள். குரலில் கேலி இருந்தது, கண்ணில் இல்லை. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அடுத்த வாரம் மறுபடியும் போய்..."

"வேணாங்க. விடுங்க."

"நில்லு, இப்பவே எடுக்கறேன்." அவசரமாகப் போனை எடுத்து நீட்டி, அழுத்தினார். இடம் இல்லை என்றது போன். உள்ளே பூராவும் பாறை. எதை அழிப்பது? ஒவ்வொன்றும் கோடி வருடச் சொத்து ஆயிற்றே! பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மலையை அழித்தார். அவளை எடுத்தார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். "அசைஞ்சுட்டேங்க. கண்ணு வேற மூடியிருக்கு."

"அசைஞ்சா என்ன, இன்னொண்ணு எடுத்தாப் போச்சு," என்றவர், இன்னொரு மலையை அழித்தார்.