வலது பக்கம் கீதா

புருஷன் பெண்டாட்டி என்றால் எதையெதையோ பங்கு போட்டுக்கொள்வார்கள். லைட்ஹவுஸ் குப்பத்தில் கீதாவும் இளவழகனும் ஒரு ஃபோனைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்றுகூட இல்லை. ஒரே நேரத்தில், ஒரே ஆட்டத்தில், திரையின் இடது பாதி அவனுக்கு, வலது பாதி அவளுக்கு. அவனுடைய இடது கட்டைவிரல் ஆளை ஓட்டும், அவளுடைய வலது கட்டைவிரல் குறி பார்த்துச் சுடும். விமானத்திலிருந்து ஒரு தீவில் நூறு பேர் குதித்து, ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொண்டு, கடைசியில் நிற்பவன் ஜெயிக்கிற ஆட்டம். அந்த நூறு பேரில் இரண்டு பேர் சேர்ந்து ஓர் ஆளாக இருந்தது இவர்கள் மட்டும்தான்.

பார்க்கிறவர்களுக்கு இது பெரிய காதல் காட்சி. "குடுத்து வெச்சவன்யா" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்கள். கீதாவைக் கேட்டால் அல்லவா தெரியும். அவனோடு தோள் ஒட்டி உட்கார வேண்டும். அவளுடைய இடது கை அவன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மரத்துப்போகும். அடுப்பில் குழம்பு இருந்தாலும், கையில் மீன் செதில் இருந்தாலும், "கீதா, வா" என்று குரல் வந்தால் போக வேண்டும். ஒரு ஆட்டம் முடிந்தால் இன்னொன்று.

இதெல்லாம் ஆரம்பித்தது பொங்கலுக்கு முன்னால். ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தில் அலை மீன்படகைத் தூக்கிப் போட்டபோது நங்கூரக் கயிறு இளவழகனின் வலது மணிக்கட்டில் சுற்றி, ஆளோடு தண்ணீருக்குள் இழுத்துவிட்டது. அதே படகிலிருந்த கீதாவின் அண்ணன் பச்சைமுத்துதான் குதித்துக் கயிற்றை அறுத்து அவனை மேலே கொண்டுவந்தான். எலும்பு முறிந்திருந்தது, நரம்பும் நசுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, பிறகு அதைப் பிரித்தும் விட்டார்கள். கை மரத்தே கிடக்கிறது என்று இளவழகன் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தான். பேச்சு கிடையாது, கூரையைப் பார்த்தபடி கிடந்தான். அந்த ஆட்டத்தில் குப்பத்திலேயே அவனை அடிக்க ஆளில்லை என்று பேர் வாங்கியவன். அவன் அப்படிக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் கீதாவேதான் ஃபோனை எடுத்து, "நீ ஓட்டு மாமா, நான் சுடறேன்" என்றாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள், வேறென்ன.

கூட்டு நன்றாகவே வேலை செய்தது. ஃபோனுக்குக் கண்ணாடி ஒட்டுகிற கம்பெனியில் வேலை செய்தவள் என்பதால் அவளுக்கு விரல் வேகம். படகில் முன்னால் நிற்பவன் திசை சொன்னால் பின்னால் எஞ்சின் பிடிக்கிறவன் கேள்வி கேட்காமல் திருப்புவான் அல்லவா, அப்படியே இவர்களும். "வாடப்பக்கம் ஒருத்தன்! கொண்டப்பக்கம் பாரு!" என்று அவன் கத்துவான். வடக்கும் கிழக்கும் அவளுக்குப் புரியும். ஃபோன் வழியாக இவர்களோடு கூட்டாளியாகச் சேர்ந்த எந்த ஊர்ப் பையனோ, "அண்ணா, கொண்டைன்னா என்னங்ணா?" என்று கேட்டுவிட்டுச் செத்துப்போவான். அப்போது மட்டும் இளவழகன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகத்தான் கீதா கம்பெனிக்குப் போகாமல் கிடந்தாள். சோறு பிசைந்து ஊட்டினாள், சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். கை சரியானதும் வேலைக்குத் திரும்பிவிடலாம் என்பது அவளுடைய கணக்கு.

அந்தக் கைக்காக இன்னொரு இடமும் காத்திருந்தது. அடிபட்டவன் இடத்தில் வேறு ஆளை ஏற்றுவது குப்பத்தில் வழக்கமில்லை. அவனே வந்து படகின் மேல் கை வைத்து, "நான் வரேன்" என்றோ, "நான் வரல, வேற ஆளப் போடு" என்றோ சொல்ல வேண்டும். அதுவரை அவன் இடம் காலியாகவே கடலுக்குப் போய்வரும். இளவழகன் வேலை செய்த நீலமேகத்தின் ஃபைபர் படகில் நாலு பேர் இழுக்க வேண்டிய வலையைப் பொங்கலிலிருந்து மூன்று பேர் இழுத்தார்கள். ஒரு முகச்சுளிப்பு கிடையாது. கறிக்கு மீன் மட்டும் நாள் தவறாமல் வாசலுக்கு வந்துவிடும்.

கீதாவின் கம்பெனிக்கு இந்தப் பெருந்தன்மை எல்லாம் தெரியாது. ஒருநாள் மத்தியானம் ஆட்டத்தில் மூன்று பேர் மிச்சமிருந்தபோது இடுப்பிலிருந்த அவளுடைய பட்டன் ஃபோன் அடித்தது. கூட வேலை செய்யும் அர்ச்சனா. கீதா திரையிலிருந்து விரலை எடுத்து அதை எடுத்தாள்.

"திங்கக்கெழம புது லைன் ஓட்றாங்கோ. சூப்பர்வைசர் உன்னதான் கேட்டாரு. வரலன்னா வேற ஆளு போட்ருவாராம். இன்னா சொல்ல?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் திரும்பிப் பார்த்தாள். திரையில் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தது. துணிச் சுற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இளவழகனின் வலது கட்டைவிரல் வலது பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தன் விழுந்தான். குறியைத் திருப்பி இன்னொருத்தன். ஜெயித்ததற்கான பாட்டு ஒலித்தது.

"அப்பறம் பேசறேன்" என்று ஃபோனை வைத்தாள். "மாமா."

"இன்னா?"

"கை."

யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல அவன் தன் கையைப் பார்த்தான். "தன்னால வந்துச்சி."

"ரெண்டு பேரயும் தன்னாலயா சுட்டுச்சி? எப்பத்துலேர்ந்து நல்லாகீது?"

"மாசிமகத்துக்கு முன்னாடியே. ஒரு மாசத்துக்கு மேல ஆவுது" என்றான்.

கீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப நான் சோறு ஊட்டினது? குளிப்பாட்டினது? என்ன இன்னான்னு நெனச்சிகினு கீற?"

"கத்தாத." அவன் குரல் உள்ளே போயிருந்தது. "தண்ணிக்குள்ள கண்ணு தெறந்தேதான் இருந்துச்சி கீதா. கயிறு என்னக் கீழ இஸ்துகினு போவுது. மேல படகோட அடி தெரியுது. எட்ட மாட்டேங்குது. இப்பக்கூட கண்ண மூடினா அந்த அடிதான் தெரியுது. கை நல்லாயிட்சின்னா நாளைக்கே ஏறணும். காப்பாத்தின உங்க அண்ணன் மூஞ்சப் பாத்து பயமாக்கீதுன்னு எப்டி சொல்றது?"

"வரலன்னு சொல்லிடு."

"சொன்னா அந்த எடம் போயிடும். அப்பறம் நான் யாரு?"

அவளுக்கு அவன்மேல் இரக்கமாகவும் இருந்தது, ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது. யோசித்துப் பார்த்தால் எந்தப் பக்கமும் வழியில்லை. அவள் கம்பெனிக்குப் போனால் சோற்றுக்கும் ஆட்டத்துக்கும் அவன் தன் வலது கையை எடுத்தாக வேண்டும், பொய் வெளியே வந்துவிடும். போகாவிட்டால் அவளுக்கு இந்தச் சுவரும் இந்தத் தோளும்தான். அவனே சொல்வான் என்று காத்திருந்தாள். மறுநாளும் "கீதா, வா" என்றுதான் சொன்னான். போய் உட்கார்ந்து சுட்டாள். அதுவரை புருஷனின் கையாக இருந்தவள் இப்போது அவன் பொய்க்கும் கையாகிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பச்சைமுத்து மீனோடு வந்தான். கூடவே அதே படகில் போகும் விக்கி, இளவழகனின் ஆட்டத்துக்குப் பரம ரசிகன். மீனை வாங்கும்போது கீதா அண்ணனின் உள்ளங்கையைப் பார்த்தாள். கயிறு அறுத்து, ஆறி, மறுபடி அறுத்து, கை சிவந்து பிளந்திருந்தது.

"இன்னாண்ணா இது?"

"இஸ்து இஸ்து ஆனதுதான். எண்ண வெச்சா போயிடும்" என்று அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஒரு ஆட்டம் போடுண்ணா, பாத்துட்டுப் போறோம்" என்றான் விக்கி.

இளவழகன் ஃபோனை எடுத்துச் சுவரோரம் உட்கார்ந்தான். கீதா வந்தாள். வலது பக்கம் உட்காராமல் அவனுக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்து, ஃபோனின் இடது முனையைப் பிடித்தாள்.

"இன்னாது, அந்தப் பக்கம்?"

"என் வலது கை மரத்துப்போச்சி மாமா. இன்னிக்கி நான் ஓட்டறேன், நீ சுடு."

விக்கி சிரித்தான். "அண்ணனுக்கு ஏது கீதாக்கா அந்தக் கை?"

இளவழகன் கீதாவைப் பார்த்தான். அவன் கண்ணில் இருந்தது கோபமில்லை, கெஞ்சல். அதைப் பார்த்ததும் எழுந்து பழைய இடத்துக்குப் போய்விடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆட்டம் அதற்குள் ஆரம்பித்துவிட்டது.

இளவழகன் எப்போதும் ஆளைக் கொண்டுபோய் ஒரு வீட்டுக்குள் நிறுத்திக்கொள்வான். மற்றவர்கள் அடித்துக்கொண்டு சாகும்வரை ஜன்னலோரம் காத்திருப்பான். கீதாவும் ஆளை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோனாள். வெளியே காலடிச் சத்தம் கேட்டது. அவள் கட்டைவிரலை மேலே தள்ளினாள். ஆள் கதவைத் தாண்டி வெட்டவெளியில் ஓட ஆரம்பித்தான்.

"ஏய், ஓடாத! உள்ள போ! கீதா, உள்ள போ!"

அவள் போகவில்லை. மரத்தின் பின்னாலிருந்து ஒருத்தன் எழுந்தான். துணி சுற்றிய கை திரைக்கு வந்தது. சுட்டான். "கொண்டப்பக்கம்!" என்று இப்போது கீதா கத்தினாள். அவன் திருப்பிச் சுட்டான். பாறை மேல் ஒருத்தன், அவனையும் சுட்டான். விரல் பழைய இளவழகனின் விரலாகப் பறந்தது. பிறகு எங்கிருந்தோ குண்டு வந்து ஆள் மண்ணில் விழுந்தான், ஆட்டம் முடிந்தது.

விக்கிக்கு வாய் மூடவில்லை. பச்சைமுத்து திரையைப் பார்க்கவே இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது மச்சானின் கட்டைவிரலை. பிறகு எழுந்து லுங்கியில் ஒட்டிய மணலைத் தட்டினான்.

"ஒன் எடம் அப்டியேதான் கீது மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான். விக்கியும் பின்னாலேயே போனான்.

இளவழகன் ஃபோனைத் தரையில் வைத்தான். "ஏன்டி வெளிய ஓடின?" என்றான்.

"எத்தினி நாளிக்கி அந்த ஊட்டுக்குள்ளயே ஒளிஞ்சிகினு கெடக்கறது? எனக்கு மூச்சு முட்டுது மாமா."

கையில் சுற்றியிருந்த துணியை அவனே பிரித்தான். அவள் சோற்றைப் போட்டுப் பிசைய உட்கார்ந்தபோது தட்டைத் தன் பக்கம் இழுத்து வலது கையால் சாப்பிட்டான். தன் கையை எங்கே வைப்பது என்று கீதாவுக்குத் தெரியவில்லை.

விடியும் முன்னே அவள் கம்பெனி சீருடையில் ஸ்டாப்புக்குக் கிளம்பினாள். அவனும் கூடவே மணல் வரை வந்தான். படகு தண்ணீரோரம் நின்றது. இளவழகன் போய் அதன் விளிம்பில் வலது கையை வைத்தான். "நான் வரேன்" என்றான். நீலமேகம் தலையை ஆட்டினார். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. அதற்கு அவசியமே இருக்கவில்லை.

ஏறுவதற்கு முன் அவன் திரும்பி அவளிடம் வந்து ஃபோனை நீட்டினான். "நீ வெச்சிக்க. அங்க எனக்கு ரெண்டு கையும் வேணும்."

அவள் பிடித்த பிறகும் அவன் ஃபோனை உடனே விடவில்லை. போகாதே என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்னால் நின்றிருப்பான். தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.

"போயிட்டு வா மாமா" என்றாள்.

அர்ச்சனா அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தாள். எத்தனை நாளாக ஏங்கிய இடம். காற்று முகத்தில் அடித்தது. கண் மட்டும் கடல் பக்கமே போனது. வேன் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் ஏரிதான் தெரிந்தது, கடல் தெரியவில்லை. அவன் கரைக்கு வந்தானா என்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால்தான் தெரியும்.

மடியில் ஃபோன் இருந்தது. அவளுடைய வலது கட்டைவிரல் அதுவாகவே போய்த் திரையின் வலது பாதியில் உட்கார்ந்துகொண்டது. இடது பக்கம் காலியாக இருந்தது.